கடற்காற்றுக்கு நின்றுபிடிக்கும் மரப்பூச்சு: திருகோணமலையில் முதன்முதலாகப் பழைய தளபாடத்தில் கைவைப்பவர்களுக்கு

உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிற ஒரு வீட்டில் யன்னல் கண்ணாடியைக் காலையில் துடைத்துவிட்டு, மறுநாள் விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய பிசுக்கு ஒன்று விரலோடு வரும். அது உப்பு. கண்ணாடியில் படிகிற அதே உப்புத்தான் உங்கள் அலுமாரியிலும் கதிரையிலும் கதவு நிலையிலும் படிகிறது. கண்ணாடி என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, மரத்தில் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய மரச்சாமானைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஹாட்வெயார் கடையில் நல்ல விலையில் ஒரு டின் வார்னிஷ் வாங்கி, தூசியைத் தட்டிவிட்டுப் பூசிவிடுகிறார்கள். முதல் மாதம் கண்ணைப் பறிக்கும். ஒரு மாரி போனதும் விளிம்புகளில் சோளப்பொரி மாதிரி உரியத் தொடங்கும். உடனே டின்னைக் குறை சொல்வோம். நான் பார்த்த வரையில் பிழை அநேகமாக டின்னில் இல்லை. பூச்சுக்குக் கீழே உப்பு இருந்திருக்கும், அல்லது பூசிய நாள் பிழைத்திருக்கும். இந்த ஊரில் மரவேலை செய்யத் தொடங்குகிறவர் முதலில் பழக வேண்டியது இந்த இரண்டையும்தான். நிறமும் பளபளப்பும் அதற்குப் பிறகு.

மரத்தை விசாரியுங்கள்

இங்கே பழைய வீடுகளில் இருக்கிற சாமான்கள் தேக்கு, முதிரை, பலா, மகோகனி, வேம்பு, சமண்டலை என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். சமண்டலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘திருகோணமலை மரம்’. சிங்களத்தில் ஹல்மில்ல. சாராயம் ஊறவைக்கும் பெரிய பீப்பாய்களுக்கு இலங்கையில் இன்றும் விரும்பப்படுகிற மரம் அதுதான். நெகிழ்ந்து கொடுக்கும், ஈரத்துக்கு அஞ்சாது. உங்கள் வீட்டில் சமண்டலையில் செய்த பழைய வாங்கு இருந்தால் அதற்குச் சாயம் ஏற்ற வேண்டாம். தெளிவான பூச்சு ஒன்று போதும்.

முதிரைக்கும் அதேதான். பட்டுத்துணியைத் திருப்பிப் பார்ப்பது போல வெளிச்சத்துக்கு ஏற்ப மின்னுகிற பொன்னிற மரம் அது. அதன் மேல் ‘வால்நட்’ சாயம் பூசி ஒரே காப்பி நிறமாக்கி வைத்திருக்கிற மேசைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும். பலா புதிதாக இருக்கும்போது மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுக் கபில நிறத்துக்கு வரும். ஆகவே பலாவில் ஒட்டுப் போட்டால் புதுத்துண்டு முதலில் வெளிறித் தெரியும், காலம் போக ஓரளவு சேர்ந்துவிடும். அதைச் சாயத்தால் உடனே பொருத்தப் பார்த்தால் இரண்டு வருடத்தில் ஒட்டு மட்டும் கறுத்து நிற்கும். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம். பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்காவிட்டால் சில வார்னிஷ்கள் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

மரத்துக்கு அடுத்ததாக, ஏற்கெனவே மேலே இருக்கிற பூச்சு என்ன என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். லாச்சியின் உள்விளிம்பு அல்லது காலின் பின்பக்கம் நல்லது. வெள்ளைத் துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடையுங்கள். மஞ்சளாக அழுக்கு வந்தால் மேலே மெழுகு இருக்கிறது. அடுத்து மெதிலேட்டட் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். மேற்பரப்பு ஒட்டினால், கரைந்தால், அது அரக்கில் செய்த பிரெஞ்சு பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லக்கர் தின்னருக்கு இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பொலியூரித்தேன். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூடப் போகாது. ஆனால் அடுத்து வாங்கப்போகிற பொருட்கள் எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. அரக்குப் பூச்சு என்று தெரிந்தால் பல நேரம் உரிக்கவே தேவையில்லை. பழைய அரக்கின் மேல் புதிய அரக்கு பூசினால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். திருத்தித் திருத்தி வைத்துக்கொள்ளக்கூடிய பூச்சு அது. இந்தக் காரணத்துக்காகவே உள்வீட்டுச் சாமான்களுக்கு நான் அரக்கை முதலில் சொல்வேன்.

கழுவுதல்

இந்தப் படியைப் பெரும்பாலான குறிப்புகளில் காண முடியாது. ஏனென்றால் அவை கடற்கரையில் இருந்து எழுதப்பட்டவை அல்ல. தேய்க்கத் தொடங்குமுன் சாமானை நல்ல தண்ணீரால் துடையுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு சொட்டு, நன்றாகப் பிழிந்த துணி. தண்ணீரை ஊற்றவேண்டாம். வாளித் தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் குடிக்கிற தண்ணீரையே பாவியுங்கள். உவர் நீரால் உப்பைத் துடைத்து என்ன பயன்? பிறகு நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள்.

கழுவாமல் அரத்தாளால் தேய்த்தால் உப்பைத் தூளாக்கி மரத்தின் துளைகளுக்குள் நீங்களே அழுத்திவிடுகிறீர்கள். உப்பு காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும். பூச்சுக்குக் கீழே இருந்துகொண்டு அது இழுக்கிற ஈரம்தான் மேலே இருக்கிற படலத்தைத் தூக்கி உரியவைக்கிறது.

எங்கள் வீட்டு அலுமாரியில் இதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அது வீட்டுக்குள் நின்றது. முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்று வடிந்தது. பிறகு எத்தனையோ தடவை பொலிஷ் போட்டார்கள். முழங்காலுக்கு மேலே பூச்சு நின்றது, கீழே மட்டும் ஒவ்வொரு மாரிக்கும் வெளுத்து உரிந்தது. கடைசியில் கால்களை முழுதாக உரித்து, ஈரத்துணி சுற்றி வைத்து, துணி காய்ந்ததும் எடுத்து அலசி, திரும்பச் சுற்றி, ஏழெட்டு முறை அப்படிச் செய்த பிறகுதான் பூச்சு பிடித்தது. ஈரத்துணி காயும்போது உள்ளே இருக்கிற உப்பு துணியை நோக்கி வெளியே வரும். காய்ந்த துணியின் மடிப்பில் வெள்ளையாகத் தூள் தெரிந்தது.

அந்த அலுமாரியில் ஆணிகளைச் சுற்றிக் கருநிறக் கறைகளும் இருந்தன. இரும்பும் மரத்தின் துவர்ச்சத்தும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படிக் கறுக்கும். ஒக்சாலிக் அசிட்டைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் கறை எடுபடும். அது நஞ்சு. கையுறை போடுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள், வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவித் துடையுங்கள். காய்ந்த தூள் மரத்தில் மிஞ்சினால் பிறகு தேய்க்கும்போது மூக்கில் ஏறும். எங்கள் அலுமாரியில் ஆணிக்கறைகளை எடுத்தேன். தண்ணீர் நின்ற கோட்டை மட்டும் அம்மா எடுக்கவேண்டாம் என்றார். அது இன்னும் இருக்கிறது, புதிய அரக்குக்குக் கீழே.

உரித்தல், தேய்த்தல்

அரக்கு என்றால் ஸ்பிரிட்டும் தேங்காய்த் தும்பும் போதும். ஸ்பிரிட் தடவி இரண்டு நிமிடம் விட்டு, தும்பால் நார் ஓடுகிற பக்கமாக உரசித் துடையுங்கள். இரும்புக் கம்பளியைப் பலரும் பரிந்துரைப்பார்கள். இங்கே வேண்டாம். அதன் நுண்துண்டுகள் மரத்தில் சிக்கி, கடற்காற்றில் துருவேறி, மாதம் இரண்டில் கறுப்புப் புள்ளிகளாக முளைக்கும். கொத்துவேலைப்பாடு இருந்தால் பழைய பல்துலக்கி நல்லது. வார்னிஷ், பொலியூரித்தேன் என்றால் பெயின்ட் ரிமூவர் பாவித்துப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுங்கள்.

மிகப் பழைய எனாமல் பெயின்ட் என்றால் ஒரு எச்சரிக்கை. அதில் ஈயம் இருக்கலாம். உலர் அரத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பவேண்டாம். ரிமூவரால் இளக்கி ஈரமாகவே வழித்தெடுங்கள், முகமூடி போடுங்கள், வழித்ததைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கிற வீட்டு விறாந்தையில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

அரத்தாளின் பின்பக்கத்தில் இருக்கிற இலக்கம் கூடக்கூட அது நைசாகிக்கொண்டு போகும். கரடுமுரடுக்கு 80, அடுத்து 120, 180, கடைசியில் 220. இலக்கத்தைத் தாண்டிப் பாயவேண்டாம். 80 போட்ட கீறலை 220 எடுக்காது, மறைத்து வைத்திருந்து சாயம் பூசும்போது காட்டிக்கொடுக்கும். எப்போதும் நார் ஓடும் திசையில் தேய்க்கவேண்டும். முடிந்தது என்று நினைக்கும்போது அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து படுக்கையாக அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத கீறல் எல்லாம் தெரியும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் நார் மயிர்மயிராக எழும்பும். அதை 220 தாளால் மெல்லத் தடவி எடுத்துவிடுங்கள்.

உளுத்துப்போன இடம் இருந்தால், துளைகளில் இருந்து மாவு கொட்டினால், பூச்சுப் போடுமுன் பூச்சிமருந்தை ஊசியால் துளைகளுக்குள் ஏற்றிவிட்டுப் புட்டி அடையுங்கள். பூச்சுப் போட்ட பிறகு மருந்து உள்ளே போகாது.

நாள் பார்த்தல்

தைப்பொங்கலுக்கு முன் வீடு வெளுப்பது, பெயின்ட் அடிப்பது நம் வழக்கம். அதோடு சேர்த்துத் தளபாடத்துக்கும் பொலிஷ் போட்டுவிட ஆசை வரும். திருகோணமலைக்கு மழை கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரைதான் வருடத்து மழையில் பெரும்பங்கு விழுகிறது. அதாவது பொங்கலுக்கு முந்திய வாரங்கள் மரப்பூச்சுக்கு மிக மோசமான வாரங்கள். நானும் ஒரு மார்கழியில் அவசரப்பட்டேன். பொங்கலுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சாப்பாட்டு மேசைக்கு அரக்கு பூசினேன். பூசி அரைமணி நேரத்தில் பலகை முழுக்கப் பாலூற்றியது போல வெளுத்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றில் இருக்கிற நீர் அந்தக் குளிரில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. மாசியில் நல்ல வெயில் வந்தபிறகு, ஸ்பிரிட்டில் சும்மா நனைத்துப் பிழிந்த துணியால் ஓடவிட்டுத் தடவியதும் வெண்மை போய்விட்டது. உங்களுக்கும் நடந்தால் பயப்படவேண்டாம், உரிக்கவும் வேண்டாம், உலர்ந்த நாளுக்குக் காத்திருங்கள்.

ஈரப்பதம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் குசினியில் இருக்கிற உப்புப் போத்தலைப் பாருங்கள். தூய உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் விடத் தொடங்கும். ஒரு தட்டில் கொஞ்சம் உப்புத் தூளை விறாந்தையில் வையுங்கள். பொலபொலவென்று இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு அரத்தாள் வேலை மட்டும்.

மாரியில் கழுவல், உரித்தல், ஒட்டுப்போடல், தேய்த்தல் எல்லாம் செய்யலாம். பூச்சுக்கு மாசி முதல் சித்திரை வரை அருமையான காலம். பொங்கலை விட்டுவிட்டுச் சித்திரைப் புத்தாண்டை இலக்கு வையுங்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கினால் காய்தல் பிரச்சினை இல்லை, தூசிதான் பிரச்சினை. அப்போது அறைக்குள், நிலத்தில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, காற்றோட்டத்துக்கு ஒரு யன்னலை மட்டும் திறந்து செய்யுங்கள். எந்த மாதமானாலும் காலை எட்டு மணிக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. பனி காய்ந்திருக்கும், கடற்காற்று இன்னும் எழும்பியிருக்காது. நேர் வெயிலில் பூசவேண்டாம். மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் கொப்புளமாக வெளியே வரும்.

கருங்காலிக் கறுப்பு: வினாகிரியும் தேயிலையும்

கருங்காலியும் முதிரையும் இந்தப் பக்கத்துக் காடுகளில் இருந்தவை. இன்றைக்குக் கருங்காலி வாங்குவதை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கறுப்பை வீட்டில் இருக்கிற சாமான்களாலேயே சாதாரண மரத்தில் கொண்டுவரலாம். அலங்காரப் பூச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெயின்ட் மாதிரி மரத்தை மூடாது, நார் கறுப்புக்குள்ளேயே தெரியும். எங்கள் அலுமாரி ஆணியைச் சுற்றிக் கறை பிடித்ததாகச் சொன்னேனே, அதே இரும்பையும் துவரையும் இங்கே நாமே விரும்பிச் சேர்க்கிறோம்.

அரைப் போத்தல் வினாகிரி எடுங்கள். தேங்காய் வினாகிரியோ செயற்கை வினாகிரியோ பரவாயில்லை. இரும்புக் கம்பளி ஒரு கைப்பிடியைச் சவர்க்காரத்தில் கழுவி எண்ணெய் போக்கிப் பிய்த்து அதற்குள் போடுங்கள். மரத்தில் வேண்டாம் என்று சொன்ன கம்பளிக்கு இங்கே வேலை உண்டு. கண்ணாடிப் போத்தல், மூடியை இறுக்கவேண்டாம். உள்ளே வாயு உண்டாகும், இறுக்கினால் போத்தல் வெடிக்கும். நெருப்புக்குக் கிட்ட வைக்கவும் வேண்டாம். மூன்று நாளில் இருந்து ஐந்து நாளுக்குள் தண்ணீர் சாம்பல் நிறமாகவோ துருநிறமாகவோ மாறும். பழந்துணியில் இரண்டுமுறை வடியுங்கள்.

இரண்டு கோப்பைத் தண்ணீரில் ஐந்து தேக்கரண்டி தூள்தேயிலை போட்டுப் பாதியாக வற்றக் காய்ச்சுங்கள். ஆறியதும் மரத்தில் தாராளமாகப் பூசிக் காயவிடுங்கள். தேயிலையில் இருக்கிற துவர்தான் நமக்கு வேண்டும். மரத்துக்கு இயல்பாக உள்ள துவர் துண்டுக்குத் துண்டு மாறும், தேயிலை அதைச் சமப்படுத்தும். காய்ந்த பிறகு வடித்த வினாகிரியைப் பிரஷால் ஒரே ஓட்டமாகப் பூசுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு சாம்பல் படரும், நீலம் கலந்து இருளும், சில நிமிடங்களில் கறுத்துவிடும். ஒவ்வொரு தடவையும் அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குப் பிள்ளைகளைக் கூப்பிடத் தோன்றும்.

போதாவிட்டால் தேயிலை, வினாகிரி என்று அதே வரிசையில் இன்னும் இரண்டு தடவை போகலாம். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் 320 தாளால் மெல்லத் தடவுங்கள். இந்த நிலையில் மரம் மங்கிய கரிக்கட்டை போல இருக்கும். கலங்கவேண்டாம், அரக்கோ எண்ணெயோ பட்டதும் ஆழமான கறுப்பு எழும்பும். வினாகிரிக் கரைசல் சீமெந்து நிலத்தில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, கீழே பிளாஸ்டிக் விரியுங்கள். முழுச் சாமானையும் கறுப்பாக்குவதைவிடக் கால்களையும் சட்டத்தையும் கறுப்பாக்கி, நடுப்பலகையை முதிரை நிறத்திலேயே விட்டால் எடுப்பாக இருக்கும்.

மஞ்சளை அரைத்துப் பூசினால் நல்ல நிறம் வரும் என்று சிலர் கேட்பார்கள். வரும், ஆனால் வெயிலில் வெளிறிவிடும். செய்யவேண்டாம்.

அரக்கும் பொட்டலமும்

பிரெஞ்சு பொலிஷ் என்று சொல்வதற்கு உள்ளே இருப்பது நம் அரக்குத்தான். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கிற பிசின். சுத்தப்படுத்திச் செதில் செதிலாக விற்பார்கள். ஒரு லீட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அளவில் போட்டு, கண்ணாடிப் போத்தலில் ஒரு இரவு வையுங்கள், இடையிடையே குலுக்குங்கள். இரும்பு டின் வேண்டாம், அரக்கு கறுத்துவிடும். காலையில் துணியில் வடியுங்கள். கரைத்த அரக்கு நாளாக நாளாகக் கெடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஆகவே அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் கரைப்பது நல்லது.

முதல் இரண்டு பூச்சைப் பிரஷால் மெல்லியதாகப் போட்டு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் 320 தாளால் தடவுங்கள். பிறகு பொட்டலம். உள்ளே பஞ்சு, வெளியே பலமுறை துவைத்து நூல் உதிராத பழைய பருத்திச் சாரத்துண்டு. பஞ்சுக்கு அரக்கை ஊட்டி, துணியால் மூடி, அடியில் ஒரு மடிப்பும் இல்லாமல் முறுக்கிப் பிடியுங்கள். புறங்கையில் ஒற்றிப் பார்த்தால் குளிர்ச்சி தெரியவேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் அளவு.

பலகையில் வைக்கும்போது விமானம் இறங்குவது போல ஓட்டத்தோடேயே வைத்து, ஓட்டத்தோடேயே எடுக்கவேண்டும். முதலில் நாரோடு நீளமாக, அப்புறம் வட்டம் வட்டமாக, பிறகு எட்டுப் போட்டு. நடுவில் நின்றால் அந்த இடத்தில் பொட்டலம் ஒட்டிப் பூச்சைப் பிய்க்கும். இழுவையாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, பொட்டலத்தின் அடியில் தொடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பத்துப் பதினைந்து ஓட்டம் ஆனதும் நிறுத்துங்கள். கை இன்னும் கேட்கும், ஆனால் கீழே இருக்கிற பூச்சு இளகத் தொடங்கியிருக்கும். பொட்டலத்தை மூடி இறுகிய ஜாம் போத்தலில் போட்டு வைத்தால் நாளைக்கும் பாவிக்கலாம்.

எனக்கு இதைப் பழக்கிய மூதூர் ஓடாவியார், அடுத்த பூச்சு எப்போது என்று கேட்டபோது சொன்னது: “கையால தொட்டுப் பாக்காத தம்பி, மணந்து பார். ஸ்பிரிட் மணம் வந்தா இன்னும் காயல்ல.” தொட்டுப் பார்த்தால் விரலடையாளம் மிஞ்சும், மூக்கு ஒரு அடையாளமும் வைக்காது. இன்றைக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மூன்று நான்கு நாள் இப்படி வளர்த்த பிறகு, கடைசியாக அரக்கு இல்லாமல் ஸ்பிரிட் மட்டும் தொட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பொட்டலத்தால் வேகமாக ஓடினால் எண்ணெய்ப் புகை நீங்கிக் கண்ணாடி மாதிரி வரும். அரக்குக்குச் சூடும் சாராயமும் ஆகாது. தேத்தண்ணிக் கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அலுமாரி, சாய்மனைக் கதிரை, படச்சட்டம், பெட்டகம் இவற்றுக்கு அரக்குப் போடுங்கள். சாப்பாட்டு மேசைக்கு மேல்பலகையில் மட்டும் பொலியூரித்தேன் போடுங்கள், மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முழுநாள். நான் மார்கழியில் செய்த பிழையில் பாதி, மேசைக்கு அரக்கைத் தெரிவு செய்ததுதான்.

பெயின்டில் பழமை

மரம் அழகில்லாமல், ஒட்டுப் பல இருந்தால் பெயின்டால் அலங்கரிக்கலாம். தேய்ந்த தோற்றம் வேண்டுமென்றால் முதலில் ஒரு நிறம், உதாரணமாகக் கடல்நீலம். காய்ந்ததும், கை படுகிற விளிம்புகளிலும் லாச்சிப் பிடியைச் சுற்றியும் மெழுகுதிரியால் தேயுங்கள். மேலே வெள்ளை அடித்துக் காயவிட்டு, 180 தாளால் உரசினால் மெழுகு இருந்த இடத்தில் வெள்ளை கழன்று நீலம் எட்டிப் பார்க்கும். எங்கே தேய்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனிதர் கையும் முழங்காலும் படாத இடத்தில் தேய்ந்திருந்தால் பார்த்தவுடனே பொய் தெரியும். வீட்டில் உண்மையிலேயே பழைய கதிரை ஒன்றை எடுத்து, அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெடிப்பு விழுந்த தோற்றத்துக்கு, அடிநிறம் காய்ந்ததும் வெள்ளை மரப்பசையைப் பிரஷால் பூசி, அது விரலில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே தண்ணீரில் கரையும் எமல்ஷனை ஒரே தடவையில் மேலே இழுத்துவிடுங்கள். பிரஷைத் திரும்பக் கொண்டுபோகவேண்டாம். காயும்போது மேல்பூச்சு சுருங்கி வெடிக்கும். பசை தடிப்பானால் வெடிப்புப் பெரிதாகும். பசை தண்ணீருக்கு இளகும் என்பதால் மேலே வார்னிஷ் கட்டாயம், முதல் பூச்சு தண்ணீர் கலவாத வார்னிஷாக இருக்கட்டும்.

சாமியறைக் கதவுக்குப் பொன்னிறம் வைக்கிறவர்களுக்கு ஒன்று. மலிவான பொன்தூள் பித்தளைத்தூள்தான். கடற்காற்றில் பச்சையாகவும் கபிலமாகவும் மங்கும். அதைப் பாவித்தால் அதே நாளில் மேலே அரக்குப் பூசி மூடுங்கள். மைக்கா கலந்த பொன்னிறப் பெயின்ட் மங்காது. கொஞ்சமாக, கொத்துவேலையின் மேடுகளில் மட்டும் விரல்நுனியால் தொட்டு வையுங்கள்.

எண்ணெய், மெழுகு, வெளிக்கதவு

லின்சீட் ஒயிலில் (ஆளிவிதை எண்ணெய்) ‘ரோ’, அதாவது பச்சை எண்ணெய், வேண்டாம், காய வாரக்கணக்காகும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். ‘பொயில்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். துணியால் பூசி, பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை முழுதாகத் துடைத்தெடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போகவேண்டாம். லின்சீட் ஒயில் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். நம் வெக்கையில் இது கதையல்ல. துணியை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டின்னில் அமிழ்த்துங்கள்.

மெழுகுக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, வெளியே கொண்டுபோன பிறகே டர்பன்டைன் ஊற்றுங்கள். அரக்குக்கு மேல் மெல்லியதாகத் தடவித் துணியால் துலக்கினால் கண்கூசும் பளபளப்பு இதமாகும். வெயில் விழுகிற இடத்தில் மெழுகு இளகித் தூசி பிடிக்கும், அங்கே வேண்டாம்.

கடலைப் பார்த்த வெளிக்கதவுக்கு அரக்கும் மெழுகும் சரிவராது. தெளிவான வார்னிஷ் எதுவானாலும் வெயில் அதனூடாகப் போய்க் கீழே இருக்கிற மரத்தின் மேல்தோலைச் சிதைக்கும், பிடிமானம் போய்விடும். மரைன் வார்னிஷ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதையும் வருடத்துக்கு ஒருதரம் தேய்த்து ஒரு பூச்சுப் போடவேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் நல்ல எனாமல் பெயின்ட் அடியுங்கள். திருகாணிகளைப் பித்தளையிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ மாற்றுங்கள்.

வீட்டுக்குள் கொண்டுபோகும்போது

பூச்சு காய்ந்தாலும் இறுக நாளெடுக்கும். அரக்குக்கு ஒரு வாரம், பொலியூரித்தேனுக்கு இரண்டு மூன்று வாரம். அதுவரை மேசைவிரிப்புப் போடவேண்டாம், துணியின் நெசவு அப்படியே பதிந்துவிடும். லாச்சிகளைக் கொஞ்சம் திறந்தபடி விடுங்கள். அலுமாரியைச் சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், மாரியில் சுவரின் ஈரம் பின்பலகைக்கு ஏறாது. கால்களின் அடிப்பக்கத்தை எல்லோரும் மறப்பார்கள். நிலம் துடைக்கிற தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். சாமானைச் சரித்துவைத்து அடிக்கும் இரண்டு பூச்சுக் கொடுத்து, ஒவ்வொரு காலுக்கும் கீழே ரப்பர்த் துண்டு ஒன்று வையுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றிவிடுங்கள்.